சங்காயக் குவியலைப் படிப்பது எப்படி

(கடலோர மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை ‘வெப்பமண்டலக் கடல்களின் நலமும் நீடித்த மீன்பிடிப்பும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். கம்பீரமான தலைப்புதான். ஆனால் நான் இன்று பேசப்போவது பெரும்பாலும் சங்காயத்தைப் பற்றி. இராமேசுவரம், மண்டபம் பக்கத்து ஆட்கள் சிரிப்பது தெரிகிறது. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விசைப்படகின் இழுவை மடியில் ஏறி, இறாலும் நண்டும் கணவாயும் நல்ல மீனும் பிரித்தெடுத்த பிறகு தளத்தில் மிஞ்சிக் கிடக்கிறதே, விலாசமில்லாத பொடிமீன் குவியல், அதுதான் சங்காயம். அதைக் கூடையில் வைத்து யாரும் கூவி விற்பதில்லை. மண்வாரியால் அள்ளி லாரியில் போடுவார்கள்.

நம் கடலின் நலத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு பொருளைத் தருவோம் என்று யாராவது சொன்னால், செயற்கைக்கோள் படத்தைவிட அந்தக் குவியலில் ஒரு கூடையைத்தான் கேட்பேன். ஏன் என்பதைத்தான் அடுத்த முக்கால் மணி நேரம் சொல்லப்போகிறேன்.

குவியலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். முதலில் கண்ணில் படுவது காரல். வெள்ளித் தகடு மாதிரி தட்டையான மீன், வாயைக் குழாய்போல முன்னே நீட்டி மடக்கும். அதன் தொண்டையைச் சுற்றி ஒளி உமிழும் உறுப்பு ஒன்று உண்டு. ஒருவகை பாக்டீரியா அதற்குள் குடியிருந்து வெளிச்சம் தருகிறது. கையில் எடுத்தால் வழவழவென்று சளி ஒட்டும். காரலை ஒதுக்கினால் அடியில் விரல் நீள ஊளிக் குஞ்சு, கட்டைவிரல் அளவு விளமீன் குஞ்சு, பாறைக் குஞ்சு, நக அளவு நண்டு, நட்சத்திர மீன், பிடிக்கவே கூடாது என்று சட்டம் சொல்லும் கடற்குதிரை. இவற்றோடு பச்சையாகவும் பழுப்பாகவும் நாடா நாடாவாகச் சில இலைகளும் கிடக்கும். அந்த இலைகளை மறந்துவிடாதீர்கள், பிறகு அவற்றுக்கு வருவோம்.

இதில் காரல் வளர்ந்தாலும் சின்ன மீன்தான். அது சங்காயத்தில் கிடப்பதில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஊளியும் விளமீனும் பாறையும் அப்படி அல்ல. மீனின் எடை ஏறத்தாழ நீளத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். ஐந்து சென்டிமீட்டர் குஞ்சு இருபது சென்டிமீட்டர் ஆனால் நீளம் நான்கு மடங்கு, எடை அறுபத்துநான்கு மடங்கு. இன்று இரண்டு கிராம் என்று லாரியில் ஏறுவது, விட்டுவைத்திருந்தால் நூற்றிருபது கிராமுக்கு மேல் ஏலத்துக்கு வந்திருக்கும். எல்லாக் குஞ்சும் பிழைக்காது, பெரும்பாலானவற்றைப் பெரிய மீன் தின்றுவிடும் என்பது உண்மைதான். அந்தக் கழிவையெல்லாம் கழித்த பிறகும் இந்தக் கணக்கு மீனவருக்கு நட்டக் கணக்கே. அந்தப் பெரிய மீனும் நம் மீன்தானே!

இந்தச் சங்காயம் எங்கே போகிறது? காய்ந்து, அரைபட்டு, மீன்தூளாகக் கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைக்கும் போகிறது. காலையில் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு இங்கே வந்திருப்பவர்கள் மன்னார் வளைகுடாவின் விளமீன் குஞ்சில் ஒரு துளியைச் சாப்பிட்டிருக்கக்கூடும். முன்பு இதைப் படகுக்காரர்கள் கடலிலேயே கொட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பனிக்கட்டியும் இடமும் வீணாக்குவானேன் என்பது அவர்கள் கணக்கு. தூள் ஆலைகள் வந்து கிலோவுக்கு ஒரு விலை வைத்த பிறகு அதுவும் கரைக்கு வர ஆரம்பித்தது. இங்கே ஒரு விந்தை நடந்தது. கடலில் ஒரு மீன்கூடக் கூடவில்லை. ஆனால் கரையில் எடைபோட்ட டன் கணக்கு ஏறியது. முன்பு கணக்கில் வராமல் கடலில் செத்தது இப்போது கணக்கில் வந்து செத்தது, அவ்வளவுதான். ஆண்டறிக்கையில் பார்த்தால் வளர்ச்சி!

என் வாதம் இதுதான். நம்மைப் போன்ற வெப்பக் கடல்களில் எத்தனை டன் என்ற கேள்வி பாதிக் கேள்வி. என்னென்ன மீன், என்ன நீளம் என்று கேட்காத வரை அந்த டன் கணக்கு நம்மை ஏமாற்றிக்கொண்டே இருக்கும்.

ஏன் ‘வெப்பக் கடல்’ என்று பிரித்துச் சொல்கிறேன்? மீன்வள அறிவியல் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதன் அடித்தளம் வட அட்லாண்டிக்கில் போட்டது. அங்கே குளிர்காலத்தில் மீனின் வளர்ச்சி சுணங்கும். அதன் செவிக்கல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம்போல ஆண்டுக்கொரு கோடு தெரியும். கத்தாழை மீனின் தலையை ஆசையாகக் கடித்துப் பல்லில் கல் பட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும், அந்தக் கல்தான். வயது தெரிந்தால் மற்ற எல்லாக் கணக்கும் போடலாம்: எந்த வயதில் எத்தனை சாகிறது, எவ்வளவு பிடித்தால் தாங்கும் என்று. நமக்கோ குளிர்காலமே கிடையாது. கல்லை அறுத்தால் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று மங்கிக் கிடக்கும். போதாக்குறைக்கு, வடக்கே ஒரு வலையில் நான்கைந்து வகை மீன் வந்தால் இங்கே ஒரே இழுப்பில் ஐம்பது அறுபது வகை வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ‘இவ்வளவு பிடிக்கலாம்’ என்று ஒதுக்கீடு எழுதி மடியிடம் காட்டினால் மடி படிக்கவா போகிறது?

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் பார்த்தவர்களில் முக்கியமானவர் டேனியல் பாலி. 1970களில் இந்தோனேசியாவில் இழுவைப் படகு ஆய்வில் இருந்தவர். பின்னர் மணிலாவில் இருந்த பன்னாட்டு ஆய்வு மையத்தில் வேலை பார்த்தார். வயதைப் படிக்க முடியவில்லை என்றால் நீளத்தைப் படிப்போம் என்றார். ஒரு துறைமுகத்தில் மாதந்தோறும் ஒரே வகை மீனில் சில நூறை அளந்து, எந்த நீளத்தில் எத்தனை என்று வரைபடம் போட்டால் அந்த ஆண்டுப் பிறந்த குஞ்சுக் கூட்டம் மாதத்துக்கு மாதம் வலப்பக்கம் நகர்வது தெரியும். அந்த நகர்விலிருந்து வளர்ச்சி வேகத்தையும் சாவு வேகத்தையும் கணக்கிடலாம். ஒரு மரப்பலகையும் அளவுகோலும் பொறுமையான ஓர் ஆளும் போதும். ஏழை நாட்டு அறிவியலுக்கு இதைவிட நல்ல பரிசு கிடைத்ததில்லை என்பேன். 1980களில் கணினி நிரலாகவும் இது பரவியது.

நம்மிடம் அந்தப் பொறுமையான ஆள் இருக்கிறார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 பிப்ரவரியில் தொடங்கியது. 1971இல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. நாடு முழுக்க எந்த மீன் எவ்வளவு பிடிபடுகிறது என்று அவர்கள் சொல்லும் கணக்கு ஒவ்வொரு படகையும் எண்ணி வருவதில்லை, மாதிரி எடுத்து வருகிறது. மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து, ஒரு மீன் இறங்குதளத்துக்குக் குலுக்கல் முறையில் நாள் விழும். கணக்கெடுப்பவர் முதல் நாள் நண்பகலிலிருந்து மாலை ஆறு வரை தளத்தில் நிற்பார். மறுநாள் காலை ஆறிலிருந்து நண்பகல் வரை மீண்டும் நிற்பார். இடையில் இரவில் வந்து போன படகுகளை விசாரித்து எழுதிக்கொள்வார். இரண்டும் சேர்ந்து ஒரு ‘இறங்குதள நாள்’. சேற்றில் கால் வைத்து, ஏலக்காரரிடம் ஏச்சு வாங்கி, அவர் எழுதும் எண்ணைத்தான் நாம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வரைபடமாக்கிப் பதவி உயர்வு வாங்குகிறோம். எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

இப்போது கொஞ்சம் வெளியே போய்த் தாய்லாந்து வளைகுடாவைப் பார்ப்போம். பாக் நீரிணையைப் போலவே ஆழம் குறைந்த, சேறும் மணலுமான, வளமான கடல். 1960 வாக்கில் ஜெர்மன் உதவியோடு அங்கே இழுவை வலை அறிமுகமானது. ஆய்வுக் கப்பல் ஒரு மணி நேரம் மடியை இழுத்தால் எத்தனை கிலோ வரும் என்று ஆண்டுதோறும் அளந்து வந்தார்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ 300 கிலோ. முப்பது ஆண்டில் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்து நின்றது. எடை மட்டும் குறையவில்லை, திருக்கையும் பெரிய மீனும் போய், வந்ததில் பெரும்பங்கு பொடிமீன் ஆனது. அந்தப் பொடிமீன் எங்கே போனது என்கிறீர்கள்? வாத்துக்கும் கோழிக்கும் பண்ணை மீனுக்கும்தான். இந்தோனேசியா இதே பாதையில் போய், கரையோர மீனவருக்கும் இழுவைப் படகுக்கும் மோதல் முற்றி, 1980இல் அதிபர் ஆணையின் பேரில் இழுவை வலைக்குத் தடை போட்டது.

நம் கதையும் வெளிநாட்டு உதவியில்தான் தொடங்குகிறது. 1952இல் கையெழுத்தான இந்திய நார்வே திட்டம் கொல்லம் அருகே நீண்டகரையில் இறங்கியது. மீனவர் வாழ்க்கையை உயர்த்தத்தான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைத்ததும் திட்டத்தின் மற்ற நோக்கங்கள் பின்னுக்குப் போய், இழுவை மடி மட்டும் முன்னுக்கு வந்தது. 1960களிலும் 70களிலும் அந்த அலை தமிழகக் கரையிலும் அடித்தது. முதலாளிகள் மட்டுமல்ல, அரசும் மானியம் கொடுத்துப் படகு கட்ட வைத்தது. இன்று அந்தப் படகுக்காரரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாக் நீரிணை பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். வெயில் தரைவரை இறங்குவதால் அங்கே கடற்புல் வளர்கிறது. நம் மக்கள் தாழை என்பார்கள். பாசி வேறு, தாழை வேறு. தாழைக்கு வேர் உண்டு, கடலுக்கடியிலேயே பூக்கும், காய்க்கும். குவியலில் நாடா நாடாவாகக் கிடந்ததே, அதுதான் இது. பச்சை வரி இறாலின் குஞ்சுகள் ஆழத்திலிருந்து மிதந்து வந்து ஒளிந்து வளர்வது இந்தத் தாழைக் காட்டுக்குள். நீலக்கால் நண்டும் அங்கேதான். ஆவுளியா என்று நம்மவர் சொல்லும் கடற்பசுவுக்குச் சாப்பாடே அதுதான், நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ மேயும். அது ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம்.

இழுவை மடியின் அடிக்கயிறு, இரும்புச் சங்கிலியோடு, தரையைத் தடவிக்கொண்டே வரும். தாழையை வேரோடு பிடுங்கும். பிடுங்காத இடத்தில் சேற்றைக் கிளப்பி வெளிச்சத்தை மறைக்கும். இறாலைத் தேடிப் போகும் வலை இறாலின் தொட்டிலைக் கலைக்கிறது. ஆகவே சங்காயத்தில் தாழை இலை எவ்வளவு கிடக்கிறது என்பதே எனக்கு ஓர் அளவு. இலை நிறைய இருந்தால் படகு எங்கே இழுத்தது என்று யாரையும் விசாரிக்கத் தேவையில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய மூன்று கடல் மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. மடியின் கடைசிப் பையில் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. இரட்டை மடிக்கும் சுருக்கு மடிக்கும் தடை. சட்டத்துக்கும் முன்பே, 1970களில் படகுகள் எரிந்து ஆட்கள் செத்த மோதல்களுக்குப் பின், இராமநாதபுரத்தில் ஓர் ஏற்பாடு வந்தது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. திங்கள், புதன், சனி. ஆய்வாளர் யாரும் எழுதித் தந்ததல்ல. சண்டை போட்டவர்களே உட்கார்ந்து பேசி, ஆட்சியர் முன்னால் ஒப்புக்கொண்டது. என் பார்வையில் நம் கரையில் இதுவரை வந்த கட்டுப்பாடுகளில் அதிக நாள் நிலைத்தது இதுதான், காரணமும் அதுதான்.

அதற்கு எதிர்முனையில் மீன்பிடித் தடைக்காலம். 2001இல் 45 நாள். 2017இலிருந்து 61 நாள், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கடல் ஓய்வெடுக்கிறது என்று எழுதுகிறார்கள். ஓய்வு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வெப்பக் கடலில் எல்லா மீனும் சேர்ந்து ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. பல வகைகள் ஆண்டில் பல மாதம் இடும். தடை முடிந்த ஜூன் 15 அன்று, இரண்டு மாதம் பசித்திருந்த படகுகள் அத்தனையும் ஒன்றாகக் கடலில் இறங்கினால், அந்த இரண்டு மாதத்தில் தப்பிய குஞ்சு எந்தக் கண்ணில் தப்பும்? தடைக்காலத்தில் படகை மேலேற்றி எஞ்சினை மாற்றி, கூடுதல் குதிரைத்திறனோடு இறக்குகிறவர்களும் உண்டு. அதை அறிக்கைகளில் தேடினால் கிடைக்காது, பட்டறைக்காரரிடம் கேட்டால் சொல்வார்.

கேரளம் வேறொரு கதவைத் தட்டியது. 2015இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்தது. பிறகு அதை 58 வகைகளுக்கு விரித்தது. மத்தி என்றால் 10 சென்டிமீட்டர், அயிலை என்றால் 14. அதற்குக் கீழே இருப்பதைப் பிடித்தால் அபராதம். இதிலும் ஒரு விட்டுக்கொடுப்பு இருக்கிறது. மத்தி முதல்முறை முட்டையிட ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வளர வேண்டும், சட்டமோ பத்தோடு நிற்கிறது. நடைமுறைக்கு ஒத்துவருவது அவ்வளவுதான் என்று விட்டிருக்கிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். எடையை விட்டு நீளத்துக்கு ஒரு மாநிலம் வந்ததே பெரிய விஷயம்.

மத்தியைச் சொன்னதால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2012இல் கேரளத்தில் நான்கு லட்சம் டன் பக்கம் பிடிபட்ட மத்தி 2021இல் 3,297 டன்னுக்கு விழுந்தது. எல்லோரும் பேராசை, பேராசை என்றார்கள். மறு ஆண்டே லட்சம் டன்னைத் தாண்டியது. மீனவர் ஓராண்டில் திருந்தவில்லை. கடல் நீரின் வெப்பம், மழை, நுண்ணுயிர்ப் பெருக்கம் இவற்றோடு மத்தி ஏறி இறங்கும் குணமுடையது. குஞ்சைப் பிடித்தது சரிவைக் கூட்டியிருக்கும், ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. பவளத்திட்டுகளின் கதையும் இப்படித்தான். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தோம், பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு எடுப்பதை நிறுத்தினோம். ஆனால் 1998, 2010, 2016 என்று நீர் சூடான ஆண்டுகளில் பவளம் வெளுத்தது. வேலி போட்டால் வெப்பம் நிற்காது. அதற்காக வேலியே வேண்டாம் என்றும் ஆகாது: காயம் குறைந்த திட்டு சீக்கிரம் தேறும்.

எல்லையைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். கச்சத்தீவைப் பற்றி மேடைகளில் ஏராளம் பேசுகிறோம். அந்த மேடைகளில் மடியின் கண் அளவைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. இலங்கையில் போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சிக் கரைகளில் மீனவர்கள் சின்னப் படகும் செவுள் வலையுமாக மறுபடி கடலுக்கு வந்தார்கள். அவர்கள் விரித்த வலையை இரவில் அறுத்துக்கொண்டு போனது நம் இழுவை மடி. 2017இல் இலங்கை இழுவை வலையைச் சட்டத்தில் தடைசெய்தது. நம் ஆட்கள் சிறைக்குப் போவதும் படகு பறிபோவதும் கொடுமை. அந்தப் பக்கத்து வலைக்காரரின் நட்டமும் கொடுமைதான். இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறது என்பதால் எந்தப் பக்கத்துக்கும் வலி குறைந்துவிடவில்லை.

அதே 2017இல் பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஒழித்து ஆழ்கடல் சூரைப் படகு தரும் திட்டம் வந்தது. மூன்றாண்டில் 2,000 படகு, ஒன்று 80 லட்சம் ரூபாய், அதில் எழுபது விழுக்காடு மானியம். தாராளமான திட்டம். இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஓர் இரவு கடலில் இருந்துவிட்டு விடிந்ததும் கரை சேரும் பழக்கமுள்ளவரிடம், பல நாள் தங்கி, ஆயிரம் தூண்டில் போட்டு, சூரையைத் தேடு என்றால் அது படகை மாற்றச் சொல்வதல்ல, தொழிலையே மாற்றச் சொல்வது. கடன் தவணையோ முதல் மாதமே வந்துவிடும்.

நான் கேட்பது அதைவிடச் சின்னது. மடியின் கடைசிப் பையில் சாதாரணமாக வைரக் கண் வலை போடுகிறார்கள். இழுக்கும் பாரத்தில் அந்தக் கண் இறுகி மூடிக்கொள்ளும். 40 மில்லிமீட்டர் என்று கரையில் அளந்தது கடலில் கோடாகிவிடும். அதே வலைத்துணியைத் திருப்பிச் சதுரக் கண்ணாகக் கட்டினால் இழுக்கும்போதும் திறந்தே இருக்கும், குஞ்சு நழுவும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. செலவு அதிகமில்லை. பிறகு ஏன் யாரும் போடவில்லை? நழுவுகிற குஞ்சுக்கு லாரிக்காரர் விலை தருகிறாரே! டீசல் விற்கும் விலைக்கு, இறால் வராத நாளில் சங்காயப் பணம்தான் படகைக் கடலுக்கு அனுப்புகிறது. இந்த விலையைத் தொடாமல் வலையை மட்டும் தொட்டால் எந்தச் சட்டமும் ஓடாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, யாரும் போடுவதில்லை. காரலை வாங்கி மணலில் காயவைத்துக் கூடையில் சுமந்து உள்ளூர்ச் சந்தையில் விற்ற பெண்கள் இருந்தார்கள். காரல் கருவாடு ஏழை வீட்டுக் குழம்பு, முள்ளோடு மென்று தின்னும் சுண்ணாம்புச் சத்து. ஆலைக்காரர் மொத்தமாக எடுக்க ஆரம்பித்த பிறகு கூடைக்காரிக்கு மீன் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. மனிதர் சாப்பிடக்கூடிய மீனைக் கோழிக்குக் கொடுத்து, கோழியை மனிதருக்கு விற்பதில் பாதிச் சத்து வழியிலேயே போய்விடுகிறது.

ஆகவே கண்காணிப்பைக் கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவாருங்கள் என்பது என் யோசனை. பரந்த கடலில் ஆயிரக்கணக்கான படகைத் துரத்த மீன்துறையிடம் ஆளில்லை, எரிபொருளும் இல்லை. மீன்தூள் ஆலைகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆலை வாசலில் எடைபோடும் இடத்தில் லாரிக்கு ஒரு கூடை எடுத்துத் தரையில் பரப்பி, அளவுகோல் வைத்துப் பார்க்கட்டும். இத்தனை விழுக்காட்டுக்கு மேல் நல்ல மீனின் குஞ்சு இருந்தால் ஆலைக்கு அபராதம், படகுக்கு அல்ல. ஆலை வாங்க மறுத்தால் படகு தானே சதுரக் கண்ணுக்கு வரும். முதல் ஓரிரு ஆண்டு படகுக்காரருக்கு வருமானம் இடிக்கும். ஆழ்கடல் திட்டத்தில் செலவாகாமல் நின்ற தொகையில் ஒரு சிறு பகுதி அதற்குப் போதும். அளக்கும் ஆட்களில் நாட்டுப்படகுக்காரர் ஒருவர், விசைப்படகுக்காரர் ஒருவர், கருவாட்டுக்காரப் பெண் ஒருவர் இருக்க வேண்டும். திங்கள், புதன், சனி ஏற்பாட்டை நாற்பது ஆண்டுக்கு மேல் காப்பாற்றியவர்களுக்கு ஒரு கூடை மீனை அளக்க யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை.

எந்த விழுக்காடு என்று கேட்டால், அதை நான் இங்கே நின்றுகொண்டு சொல்வது முறையல்ல. ஓராண்டு அளந்த பிறகு அந்த மூவரும் சொல்லட்டும். முன்வரிசையில் ஒருவர் வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், ஆலை வைத்திருப்பவர் போலிருக்கிறது. முதல் கேள்வி அவருடையதாகவே இருக்கட்டும்.